17,500 ரூபாய் டிவியா, 36,000 ரூபாய் டிவியா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டில் இருந்த 32 அங்குல எல்இடி டிவியில் படம் போய்விட்டது, சத்தம் மட்டும் வருகிறது. கும்பகோணத்தில் ஒரு கடையில் 43 அங்குல 4கே டிவி 17,500 ரூபாய்க்குச் சொல்கிறார்கள். கேள்விப்படாத கம்பெனி, ஆனால் 3 வருட வாரண்டி. அதே கடையில் பெரிய கம்பெனியின் 43 அங்குல கியூஎல்இடி 36,000 ரூபாய். சென்னையில் இருக்கும் மகன், "வாங்குனா அதையே வாங்குங்க" என்கிறான். என் வீட்டுக்காரர், "நியூஸும் சீரியலும் பாக்க எதுக்கு முப்பத்தாறாயிரம்?" என்கிறார். பகல் முழுக்க டிவி பார்ப்பவர் 82 வயதான என் மாமனார்தான். கண் ஆபரேஷன் ஆனவர். பழைய ஓட்டு வீடு, முற்றம் உண்டு. கேபிள்தான் வைத்திருக்கிறோம். சம்பா நெல் போட்ட பணம் கையில் இருக்கிறது. எதை வாங்கலாம்? பழைய டிவியை 1,000 ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறார்களாம், கொடுத்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன் அம்மா, ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். பழைய டிவியை இன்னும் கொடுத்துவிடவில்லையே? கொடுக்காதீர்கள். இன்று ராத்திரி கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு அந்த டிவியைப் போடுங்கள். சத்தம் வந்ததும் செல்போன் டார்ச்சை திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாக ஆள் அசைவது, எழுத்து ஓடுவது தெரிந்தால் பேனல், அதாவது படம் காட்டும் திரைப் பலகை, நன்றாக இருக்கிறது, பின்னால் வெளிச்சம் தரும் எல்இடி பட்டைகள்தான் போயிருக்கின்றன என்று அர்த்தம். அந்த பல்புகள் வரிசையாக ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருப்பவை. ஒன்று அவுட் ஆனால் அந்த வரிசையே அணைந்துவிடும், சில செட்டுகளில் மொத்த வெளிச்சமும் நின்றுவிடும். ஸ்ட்ரிப் மாற்றுகிற வேலை இது. உங்கள் ஊர்ப்பக்கம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தால் இரண்டாயிரத்தை ஒட்டி முடிந்துவிடும். 1,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிற கடைக்காரருக்கும் இது தெரியும். அதைச் சரிசெய்து மாமனார் படுக்கிற அறையில் வைத்துவிடலாம். புதிய டிவி வந்ததும் ரிமோட்டுக்குச் சண்டை வருமே, அதற்கும் ஒரு வழி ஆயிற்று.

டார்ச் அடித்தும் ஒன்றும் தெரியவில்லை, அல்லது திரையில் கோடு கோடாக இருக்கிறது என்றால் கதை வேறு. அப்போது தாராளமாக எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுங்கள்.

இனி புதிய டிவி. நீங்கள் சொன்ன இரண்டில் எதுவும் வேண்டாம் என்பதுதான் என் பதில். உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி, வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. 36,000 ரூபாய் கம்பெனியிலேயே கியூஎல்இடி என்று எழுதாத சாதாரண 43 அங்குல மாடல் ஒன்று இருக்கும், பெரும்பாலும் 26,000 முதல் 28,000 ரூபாய்க்குள் கிடைக்கும். அதை எடுங்கள். மீதிப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். முதலில் 4கே. உங்கள் மகனுக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்திருக்கும். 43 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். அதில் ஃபுல் எச்டி என்றால் குறுக்கே 1,920 புள்ளி, 4கே என்றால் 3,840 புள்ளி. நல்ல கண்பார்வை உள்ளவர்கூட ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் ஃபுல் எச்டியின் புள்ளியையே பிரித்துப் பார்க்க முடியாது. அதைவிடப் பொடிப் புள்ளி இருந்து என்ன பயன்? உங்கள் கூடத்தில் சுவரில் இருக்கிற டிவிக்கும் உட்காருகிற இடத்துக்கும் எட்டு, பத்து அடி இருக்கும். அங்கிருந்து பார்க்கிற மாமனாருக்கு இரண்டும் ஒன்றுதான். 43 அங்குலத்தில் இப்போது வருவதில் பெரும்பாலானவை 4கே என்பதால் அது இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அதற்காக ஒரு ரூபாய்கூட கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, டிவிக்குள் வருகிற படம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். உங்கள் கேபிள் பெட்டி மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று முனை உள்ள ஒயரில் டிவியோடு சேர்ந்திருக்கிறதா? அப்படியானால் வருவது எஸ்டி படம். உயரவாக்கில் 576 வரி, குறுக்கே 720 புள்ளி, அவ்வளவுதான். 4கே திரை அந்த ஒரு புள்ளியை 20 புள்ளியாக இழுத்து நிரப்ப வேண்டும். விலை கூடிய டிவியில் இந்த வேலையைச் செய்கிற சிப் கொஞ்சம் நன்றாகச் செய்யும், முகத்தில் மொசைக் குறையும், எழுத்தின் ஓரம் அவ்வளவாக நடுங்காது. ஆனாலும் இல்லாத விவரத்தை எந்த டிவியும் வரவழைக்காது. புது டிவி வாங்கிய மறுநாளே, "பழைய டிவியில இதைவிட நல்லா தெரிஞ்சுதே" என்று எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இந்த எஸ்டி பெட்டிக்காரர்கள்தான். சின்னத் திரையில் மறைந்திருந்தது பெரிய திரையில் அம்பலமாகிறது.

ஆகவே டிவிக்கு முன்னால் உங்கள் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். எச்டி பெட்டி உண்டா, எச்டி சேனல் எவை வரும், மாதம் எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். அந்தப் பெட்டியை எச்டிஎம்ஐ ஒயரில்தான் மாட்ட வேண்டும். பழைய மூன்று முனை ஒயரில் மாட்டினால் எச்டி பெட்டிக்குக் கொடுத்த காசு தண்டம். அதையே செய்துவைத்துவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். எச்டி பெட்டி போட்டால் வரும் வித்தியாசம், 17,500 ரூபாய் டிவிக்கும் 36,000 ரூபாய் டிவிக்கும் உள்ள வித்தியாசத்தைவிடக் கண்ணுக்கு அதிகம். திருவையாறு ஆராதனை நேரடி ஒளிபரப்பில் மேடையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் முகமும் தனித்தனியாகத் தெரிவதற்குக் காரணம் டிவியின் விலை அல்ல, வருகிற சிக்னல்.

அப்படியானால் 17,500 ரூபாய் டிவியே போதுமே என்று உங்கள் வீட்டுக்காரர் உடனே சொல்வார். உங்கள் வீடு மட்டும் அடைத்த ஹால் உள்ள மாடி வீடாக இருந்தால் நானும் யோசித்திருப்பேன். முற்றத்து வீடு என்று எழுதியதால்தான் வேண்டாம் என்கிறேன். பகல் பதினோரு மணிக்கு முற்றத்திலிருந்து கூடத்துக்குள் இறங்குகிற வெளிச்சம் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாமனார் பார்ப்பதும் அந்த நேரத்தில்தான். விலை குறைந்த செட்டுகளில் பின்வெளிச்சம் குறைவு. அந்தக் குறைந்த வெளிச்சத்தையும் குறைவான பல்புகளைப் போட்டு, ஒவ்வொன்றிலும் கூடுதல் கரண்டை ஓட்டித்தான் எடுக்கிறார்கள். பகலில் மங்கலாகத் தெரிகிறது என்று நீங்கள் பிரைட்னஸை நூறில் வைப்பீர்கள். சூட்டில் பல்புகளின் ஆயுசு குறையும். பிறகு ஒருநாள் மறுபடியும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

கியூஎல்இடி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயரைப் பார்த்து அது வேறு ஜாதி டிவி என்று நினைக்க வேண்டாம். அதுவும் பின்னால் எல்இடி வெளிச்சம் உள்ள எல்சிடி டிவிதான். நடுவில் குவாண்டம் டாட் என்ற பொடித் துகள்கள் உள்ள ஒரு தாளைச் சேர்த்திருப்பார்கள், அதனால் சிவப்பும் பச்சையும் இன்னும் செழிப்பாக வரும். நிறம் கூடுகிறதே தவிர, 43 அங்குலத்தில் வருகிற ஆரம்ப நிலை கியூஎல்இடியில் வெளிச்சம் பெரிதாகக் கூடிவிடாது. இருட்டான இடத்தில் மட்டும் பின்வெளிச்சத்தை அணைத்து, பக்கத்தில் தூக்கிக் காட்டுகிற வித்தை மினி எல்இடியில் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் 55 அங்குலத்தில்தான் சரியாக ஆரம்பிக்கிறது, விலையும் எங்கோ போய்விடும். பின்வெளிச்சமே இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற ஓஎல்இடி முற்றத்து வீட்டுக்கும் வேண்டாம், நாள் முழுக்க நியூஸ் சேனல் ஓடுகிற வீட்டுக்கும் வேண்டாம். மூலையில் நிற்கிற சேனல் லோகோ நாளடைவில் திரையில் தழும்பாகப் பதிந்துவிடக்கூடும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நானே கேட்கிறேன். கூடத்தில் யார் எங்கே உட்காருவீர்கள்? நம் பக்கத்து வீடுகளில் டிவிக்கு நேர் எதிரே சோபா போட்டு எல்லோரும் வரிசையாக உட்காருவதில்லை. பெரியவர் ஊஞ்சலிலோ சாய்வு நாற்காலியிலோ ஓரமாக இருப்பார், பிள்ளைகள் தரையில், நீங்கள் அரிவாள்மணையோடு தூண் ஓரத்தில். பேனலில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை உண்டு. விஏ நேராகப் பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், பக்கவாட்டில் போனால் வெளுத்துவிடும். ஐபிஎஸ்ஸில் கறுப்பு கொஞ்சம் சாம்பல் அடிக்கும், ஆனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் முகம் முகமாகவே இருக்கும். உங்கள் வீட்டுக்கு ஐபிஎஸ்தான் தோது. கடைக்காரரிடம் கேட்டால் அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் ஒரே மாடலிலேயே இரண்டு வகையும் கலந்து வருவதுண்டு. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பார்க்கிற விதம் இப்படி. கடையில் எப்போதும் பூவும் கிளியும் பட்டாம்பூச்சியும் ஓடும். அது கம்பெனி அனுப்பிய வீடியோ, அதில் எந்த டிவியும் ஜொலிக்கும். அதை நிறுத்திவிட்டு கேபிள் சேனல் போடச் சொல்லுங்கள். முதலில் ஒரு நியூஸ் சேனல். அடியில் ஓடுகிற எழுத்து வழுக்கிக்கொண்டு போகிறதா, பின்னால் நிழல் இழுக்கிறதா என்று பாருங்கள். பிறகு வேட்டி கட்டிய ஆள் வருகிற காட்சியைப் பாருங்கள். வேட்டி சொட்டு நீலம் அதிகமாகிப்போன மாதிரி தெரிந்தால் டிவி ஷோரூம் மோடில் இருக்கிறது, ஹோம் அல்லது ஸ்டாண்டர்ட் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். இப்போது நேர் எதிரே நிற்காமல், உங்கள் வீட்டில் ஊஞ்சல் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம் நாலு எட்டு தள்ளிப் போங்கள். முகத்தின் நிறம் வெளுக்கிறதா? பிறகு கூச்சப்படாமல் தரையில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். கடைப் பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கடைசியாக, வீட்டுப் பூஜையறைத் தீபாராதனை வீடியோ ஒன்றைச் செல்போனில் எடுத்து பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். சுடர் ஒரே வெள்ளைத் திட்டாக இருக்கிறதா, அல்லது சுடரும் தெரிந்து சுவாமியும் தெரிகிறதா என்பதில் பேனலின் தரம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

3 வருட வாரண்டி என்பது உங்களை ஈர்த்திருக்கிறது. வாரண்டி எத்தனை வருடம் என்பதைவிட, அதைக் கொடுப்பது யார் என்பது முக்கியம். கம்பெனியா, கடையா? முழு டிவிக்கா, அல்லது முதல் வருடம் எல்லாவற்றுக்கும், பிறகு பேனலுக்கு மட்டுமா? கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ அவர்களுக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, அல்லது சென்னையில் ஒரு போன் நம்பர் மட்டுமா? கடையில் நிற்கும்போதே அந்த நம்பருக்குப் போன் போட்டு, "நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்கு ஆள் வருவாங்களா?" என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு போனில் பாதி முடிவு தெரிந்துவிடும். பேனல் போனால் டிவி விலையில் பாதிக்கு மேல் ஆகும் என்பதால் இதில் கூச்சம் பார்க்கக் கூடாது.

மலிவு டிவிக்கு ஒரு நியாயமும் உண்டு, அதையும் சொல்லாமல் விடக் கூடாது. வாரண்டி முடிந்த பிறகு அதன் போர்டு போனால், என்னைப் போன்ற மெக்கானிக் சந்தையில் கிடைக்கும் யுனிவர்சல் போர்டைப் போட்டு ஓடவைத்துவிடுவான். பெரிய கம்பெனி செட்டில் அந்தக் கம்பெனி போர்டுதான் பொருந்தும், அது வரும்வரை காத்திருக்க வேண்டும், விலையும் கூடுதல். மாமனார் அறைக்கோ கடை வாசலுக்கோ கூடுதலாக ஒரு டிவி என்றால் நானே 17,500 ரூபாய் செட்டைத்தான் சொல்வேன். வீட்டின் முக்கிய டிவி, பகல் முழுக்க ஓடப்போகிற டிவி என்பதால்தான் வேண்டாம் என்கிறேன்.

மீதிப் பணத்துக்கு வேலை இருக்கிறது என்றேனே, அதற்கு வருகிறேன். நம் பகுதியில் டிவியைக் கொல்வது விலை குறைவு அல்ல, கரண்ட். லோ வோல்டேஜுக்குப் பயப்பட வேண்டாம். இப்போதைய டிவிகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பம்புசெட் ஓடும்போது விளக்கு மங்கினாலும் டிவி ஓடிக்கொண்டிருப்பது அதனால்தான். ஆபத்து மேலே ஏறுவதில் இருக்கிறது. காற்றில் கம்பி ஆடி நியூட்ரல் விட்டுப்போனால் 230 வர வேண்டிய வீட்டில் 300, 350 என்று ஏறிவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு, கரண்ட் திரும்பி வந்த நாட்களில் எங்கள் கடையில் வந்து குவிந்த செட்டுகளில் பவர் போர்டு கருகியவைதான் அதிகம். அதனால் ஹை வோல்டேஜில் தானாகக் கட் ஆகிற ஸ்டெபிலைசரோ வோல்டேஜ் புரொடெக்டரோ ஒன்று வாங்கி மாட்டுங்கள். சும்மா சிவப்பு லைட் எரிகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஸ்பைக் கார்டு என்று தலையில் கட்டிவிடுவார்கள், கவனம். இடிக்கு இதுவும் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் இடி உறுமினால் பிளக்கைப் பிடுங்குவதோடு கேபிள் ஒயரையும் கழற்றிவிட வேண்டும். இடி பாதி நேரம் அந்த ஒயர் வழியாகத்தான் வருகிறது. எச்டிஎம்ஐ போர்ட்டோடு மெயின் போர்டும் சேர்ந்து போகும். வோல்டேஜிலோ இடியிலோ போனதற்கு எந்த வாரண்டியும் பொதுவாக வராது, 3 வருடம் ஆனாலும் சரி, 10 வருடம் ஆனாலும் சரி.

இன்னும் பணம் மிஞ்சினால் சின்ன சவுண்ட்பார் ஒன்று. டிவிகள் மெலிந்துபோனதில் ஸ்பீக்கர் கீழ்நோக்கிப் போய்விட்டது, வயதானவர்களுக்கு வசனம் புரிவதில்லை. மாமனார் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார், தெருவே நியூஸ் கேட்கும். பேச்சு மட்டும் தெளிவாக வந்தால் பாதிச் சத்தத்தில் அவருக்குப் போதும்.

யூடியூப், ஓடிடி எல்லாம் எந்த ஸ்மார்ட் டிவியிலும் வரும். மலிவு டிவியில் 1 ஜிபி ராம் என்றால் வருடம் போகப்போக ஆமையாகிவிடும், அதற்குத் தனியாக, டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகுகிற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். நீங்கள் கேபிள் வீடு என்பதால் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ரிமோட்டை மட்டும் ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். பல புது ரிமோட்டுகளில் நம்பர் பட்டனே இருப்பதில்லை. ஆனால் சேனல் மாற்றப்போவது கேபிள் பெட்டி ரிமோட்டில் என்பதால், டிவி போட்டதும் நேராக எச்டிஎம்ஐக்கு வருகிற மாதிரி செட்டிங்கில் வைத்துத் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தினமும் காலையில் "டிவி வரல" என்று உங்களைத்தான் கூப்பிடுவார்.

கரண்ட் பில் பற்றிக் கவலை வேண்டாம். 43 அங்குலம் 80 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் 8 மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 38 யூனிட்தான்.

மாட்டுகிற இடம். முற்றத்தைப் பார்த்த மாதிரி திரையை வைக்காதீர்கள். படத்துக்குப் பதில் முற்றத்துத் துளசி மாடம்தான் அதில் தெரியும். முற்றம் திரைக்குப் பக்கவாட்டில் வருகிற சுவராகப் பாருங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் ஆணி பிடிக்காது, டிரில் போட்டால் மண்ணாகக் கொட்டும். கம்பெனியிலிருந்து வரும் ஆள் அவசரத்தில் நாலு ஸ்க்ரூ முறுக்கிவிட்டுப் போய்விடுவார். ஓதம் ஏறுகிற சுவராக இருந்தால் மழைக்காலத்தில் ஈரம் வேறு. மேஜை மேல் ஸ்டாண்டில் வைப்பதே நல்லது. உயரமும் சரியாக வரும், பின்னால் காற்றும் போகும். பல்லி உள்ளே போகாமல் இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். பவர் போர்டில் பல்லி விழுந்து ஷார்ட் ஆவது எங்கள் தொழிலில் அன்றாடம் பார்ப்பது.

விலை பேசும்போது ஒன்று. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலையை அட்டையில் அடித்துக் காட்டி, "உங்களுக்காக இவ்வளவு குறைச்சிருக்கோம்" என்றால் அதில் அவர் குறைத்தது எவ்வளவு, அரசு குறைத்தது எவ்வளவு என்று கேளுங்கள். பில்லில் மாடல் நம்பர், சீரியல் நம்பர், வாரண்டி விவரம் மூன்றும் எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். நாளைக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லவும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் அந்த பில்தான் ஆதாரம்.

கும்பகோணத்திலிருந்து குட்டியானையில் ஏற்றி அனுப்புவார்கள். பெட்டியை நிமிர்த்தித்தான் கட்ட வேண்டும், படுக்கவைத்து மேலே மின்விசிறிப் பெட்டியை அடுக்கினால் பேனல் விரிந்துவிடும். உடைசலுக்கு வாரண்டி கிடையாது. வண்டிக்காரர், "ரசீதுல ஒரு கையெழுத்து போடுங்கம்மா, அடுத்த டெலிவரி இருக்கு" என்பார். அவரை உட்காரவைத்து ஒரு காபி கொடுங்கள். பெட்டியைப் பிரித்து, டிவியைப் போட்டு, திரை முழுக்க வெள்ளையாக ஒரு படம், கறுப்பாக ஒரு படம் ஓடவிட்டு, கோடோ புள்ளியோ விரிசலோ இல்லை என்று பார்த்த பிறகு கையெழுத்து போட்டால் போதும்.